மாத்திரைக்கு ஒரு கை

டீ நன்றாக இருந்தது, சார். எங்கள் வீட்டில் யாருக்கும் இவ்வளவு திட்டமாகச் சர்க்கரை போட வராது. கேட்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

மொபைல் விளையாட்டில் புதுப்புதுக் கணக்கு தொடங்கி, ஆடி வளர்த்து விற்பது என் பிழைப்பு. ஒரே ஆள் பல கணக்கு வைத்தால் கம்பெனியின் இயந்திரம் மோப்பம் பிடித்து மொத்தமாக முடக்கிவிடும். கணக்குக்கு ஒரு போன், போனுக்கு ஒரு சிம் என்று என்னென்னவோ செய்தேன். பருப்பு வேகவில்லை. விரல் எப்படி அழுத்துகிறது, எங்கே பிசகுகிறது என்று அது கையையே அடையாளம் வைத்திருந்தது. ஒரு காலையில் எல்லாம் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மனைவியின் தம்பி எங்களோடு வந்து தங்கினான். வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். நல்ல தையல்காரன், கைநடுக்கம் வந்து தொழில் போயிற்று. மாத்திரை போட்டால் அடங்கும், தவறினால் திரும்பிவிடும். சும்மாதானே இருக்கிறான் என்று போனைக் கொடுத்தேன். மாத்திரை போட்டு ஒரு கணக்கும், போடாமல் ஒரு கணக்கும் ஆடினான். இயந்திரம் இரண்டு ஆள் என்றே நம்பியது.

பிறகு நான் செய்தது வெறும் ஒழுங்குபடுத்தல். மாத்திரைகளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்; பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதால் அளவு அவனுக்குத் தெரியாது. முழு மாத்திரைக்கு ஒரு கணக்கு, பாதிக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, ஒரு வேளை போடாமல் விட்டதற்கு ஒன்று. எல்லாக் கணக்கையும் தினமும் ஆட வேண்டும், கை மாறினால் இயந்திரம் விழித்துக்கொள்ளும் என்பதால், அவனுக்கு ஒரு நாள்கூட முழுசாக நல்ல நாளாக அமைய விட முடியவில்லை. நானும் மாட்டிக்கொண்டவன்தான், சார். ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடிந்ததா?

"அத்தான், இந்த மாத்திரைக்குக் கேக்கலையே. டாக்டர மாத்திப் பாப்போமா?" என்பான்.

"கேக்கும்டா. கொஞ்சம் பொறு."

"மறுபடி தையல் மெஷின்ல உக்காந்துட்டா போதும் அத்தான். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்கே பாவமாக இருக்கும். மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. வேலைக்குப் போய்வரும் அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை.

போன வாரம் புது விளையாட்டு ஒன்று வந்தது. அதற்கு இதுவரை இல்லாத கை வேண்டியிருந்தது. மாத்திரையை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். இரண்டொரு நாளில் உடம்பு விறைத்து, சுவரைப் பிடித்துத் தத்தித் தத்தி நடந்தான். தண்ணீர் விழுங்கவே திணறினான். அப்படியும் போனைக் கீழே வைக்கவில்லை, நான் வருத்தப்படுவேனாம்.

நேற்று மதியம் கணக்கு வாங்க வந்தவரைப் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பியபோது கதவோரம் கிடந்தான். தண்ணீர் புரையேறி மூச்சு அடைத்து உயிர் போயிருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஆனால் அடைத்து வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். கதவைச் சாத்தினேனே தவிர பூட்டவில்லை. பிடியைத் திருப்ப அவனுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். வேளாவேளைக்கு மாத்திரை போட்டிருந்தால் தானே திறந்து வந்திருப்பான். அது எங்கேயும் தொலையவில்லை, என் சட்டைப்பையிலேயே பத்திரமாக இருந்தது.