கடிக்காத ஷூ

இன்ஸ்பெக்டர் ஐயா, யாருக்குமே கால் காலையில் இருப்பதைவிட மாலையில் சற்றுப் பெருத்திருக்கும். அதனால் ஷூ தைப்பவன் மாலையில்தான் அளவெடுப்பான்.

என் அண்ணன் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்பவர். நல்ல நடை. எனக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. அதனால் என்னை "ஒன்னரை" என்று கூப்பிடுவார். என் ஷூ பட்டறைக்கு வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

போன வருடம் ஒரு சாயங்காலம் வந்து, "டேய் ஒன்னரை, நீ தச்ச ஷூ கடிக்குதுடா. கையும் கால் மாதிரி கோணிக்கிச்சா?" என்றார். இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. ஊசியில் நூல் கோத்து முடிக்கும்வரை அது நிரம்பவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கல்லீரல் கெட்டுக் காலில் நீர் கோத்திருக்கிறது, முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அப்போது அப்பாவோடு போயிருந்தவன் நான் மட்டும்தான்.

"தோல் சுருங்கியிருக்குண்ணே. விட்டுட்டுப் போங்க" என்றேன்.

அரை அளவு பெரிதாக, அதே மாதிரி இன்னொரு ஜோடி தைத்தேன். பழைய ஷூவின் நுனியில் இருந்த கீறலையும் இதில் போட்டேன். "இப்பத்தான்டா உன் கை நேராச்சு" என்றார். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட வாங்கி, இன்னும் அரை அளவு பெரியதை மாற்றிக் கொடுத்தேன். உள்ளங்கால் அரிக்கிறது என்றார், உள்தோலை மாற்றினேன். சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிகிறது என்றார். எலாஸ்டிக் புதுசு என்றேன்.

அண்ணி மட்டும் ஒருநாள், "தம்பி, அவர் கால் வீங்கின மாதிரி இல்ல? டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டார்கள்.

"வீங்கினா ஷூ ஏறுமா அண்ணி?"

சமாதானமாகிவிட்டார்கள்.

வயிறு உப்பிக் கண் மஞ்சளான பிறகு கூட்டிப்போனோம். "ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். அண்ணி அழுதார்கள். நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

என் பெட்டியிலிருந்து நீங்கள் எடுத்த நான்கு ஜோடியும் அவருடையவைதான். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் கடைசிவரை ஷூ அவரைக் கடிக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஒன்னரை" என்றதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் கடைசியாக அப்படிக் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து. அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?