பச்சை எழுத்துப் பலகை

நான் வாடிக்கையாளரிடம் முருங்கைக்காய்கூட வாங்குவதில்லை. ஒருமுறை ஒருவர் இரணைமடுக் குளத்து மீனோடு வந்தார். வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிட்டு, பின்னேரம் சந்தையில் அவரிடமே காசு கொடுத்து வாங்கினேன். கிளிநொச்சியில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

விசாரணைக்கு அழைத்ததில் எனக்கு வருத்தமில்லை, ஐயா. சொல்லப்போனால் காலையிலிருந்து ஒரே சந்தோசம். பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். தரகு வாங்கினேனா என்பதுதானே கேள்வி? கம்பனிகளிடம் தரகு வாங்கிக்கொண்டு கண்டதையும் சனத்தின் தலையில் கட்டுகிற முதலீட்டு ஆலோசகன் அல்ல நான். ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபா, பற்றுச்சீட்டோடு. என் அலுவலக வாசல் பலகையில் பச்சை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

துணுக்காய் இரஞ்சிதம் அம்மாதான் என் முதல் வாடிக்கையாளர். வயல் விற்ற காசை, யுத்தத்தில் காணாமல் போன மகன் மதுசனுக்கென்று வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தார். ஏழு வருடம், மாதம் தவறாமல் வந்தார். முதல் நாளே மகனின் படத்தை என் மேசையில் வைத்தார்.

"சாத்திரியார் பெடியன் இருக்கிறான் எண்டு சொல்லுறார். நீர் என்ன சொல்லுறீர், தம்பி?"

"அது என்ர துறை இல்லையம்மா. காசைப் புதுப்பிச்சு வைப்பம்."

சாதகம் பார்த்துச் சொல்லுகிற அந்தச் சாத்திரியார் ஒரு தடவைக்கு ஆயிரம் வாங்குகிறார். ஒரு பரீட்சையும் எழுதாத மனிசன்.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. மகள் வினோஜா என்னைத் தேடி வந்தாள். அந்தக் காசை எடுத்தால் நல்ல வைத்தியம் பார்க்கலாம், அம்மா தொடவிடுகிறா இல்லை என்றாள். "நீங்கள் சொன்னாக் கேப்பா. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அண்ணை."

வாடிக்கையாளரின் நோக்கத்தை மதிக்க வேண்டும் என்று ஆலோசகர் பரீட்சைப் பாடத்திலேயே இருக்கிறது. அம்மாவிடமே கேட்டேன். "அவன் வந்து நிண்டால் என்னத்தைக் குடுப்பன்?" என்றார். நியாயமான நோக்கம். இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தோம். அது முதிர ஒரு மாதம் இருக்கும்போது அவர் இறந்துபோனார்.

தரகுக்காகத்தான் காசை முடக்கினேன் என்று வினோஜா உங்களுக்கு எழுதியது பிழை. வங்கியிடம் விசாரியுங்கள், ஒரு சதம் தரகும் இராது. மனம் இவ்வளவு லேசாக இருக்கிறபடியால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்த்த உடனேயே எனக்கு அவனைத் தெரிந்துவிட்டது. இடது புருவத்தில் வெட்டுக்காயம். 2009 சித்திரையில், கடைசிச் சண்டையின்போது, மாத்தளனில் ஒரே பங்கருக்குள் பதினொரு நாள் இருந்தோம். நன்றாகப் பாடுவான். ஷெல் விழுந்து அவன் செத்த அன்று காலையில், அவனை என் சாரத்தால் சுற்றி, நான்தான் குழி வெட்டி மண் போட்டேன்.

அதைச் சொல்லியிருந்தால் அம்மா அழுது முடித்து, காசை எடுத்துத் தன் வைத்தியத்தைப் பார்த்திருப்பார். அடுத்த மாதம் என்னிடம் வர அவருக்கு என்ன இருந்திருக்கும்? அவர் கேட்டதும் என் கருத்தைத்தான். கருத்துக்குத்தான் பலகையில் கட்டணம் போட்டிருக்கிறேன், கண்ணால் கண்டதற்கு அல்ல.

அந்தக் குழியை வெட்டியதற்கும் நான் ஒருவரிடமும் எதுவும் வாங்கவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.