கடைசி வண்டியில் ஒருத்தி

கேம்பர்வேனில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு முதுகுவலி வரும். வேனை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மேசையை இறக்கி, அதன்மேல் இருக்கை மெத்தைகளைப் பரப்பினால் கட்டிலாகிவிடும் என்பார்கள். ஆகும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பதினொரு குளிர்காலம் நான் அந்தப் பள்ளத்தில் படுத்தேன். பின்பக்கம் நல்ல படுக்கை ஒன்று உண்டு, நேர் மேலே கூரையில் கண்ணாடி ஜன்னலோடு. அது என் அக்கா யோருனுடையது. குளிர்கால இரவில் வானத்தில் பச்சையாக ஆடும் வடவொளி படுத்தபடியே தெரிய வேண்டும் என்று அவளே ஆள் வைத்துச் செய்துகொண்டது.

குறை சொல்லவில்லை. அவள் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவள். நான் அதே பள்ளியின் சமையற்கட்டில் இருந்தேன். இரண்டு பேருக்கும் அவரவர் இடம் பழகிவிட்டது. நான் ஓட்டுவேன், அவள் படுத்து வானத்தைப் பார்ப்பாள். பச்சை தெரிந்தால் "நிறுத்து" என்பாள். நிறுத்துவேன். கேமராவைக் காற்று தள்ளிவிடாமல் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன்.

"மேல என்னடி பாக்கற? ஸ்டாண்டைப் பிடி. நீ பாக்கலேன்னா அது கோவிச்சுக்காது" என்றாள்.

நன்றாகப் பேசுவாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் பேச்சுக்குச் சிரிக்காதவர் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை பெட்ரோல் பங்கில் நின்று சாசேஜ் தின்றுகொண்டிருந்தோம். டிசம்பர், சூரியன் வராத மாதம். காலை பத்து மணிக்கும் கடை விளக்கில்தான் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. இந்தத் தடவையோடு போதும் அக்கா, செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

"எந்த வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குத்தான்."

"அதை வாடகைக்கு விட்டாச்சு. மீன் ஆலையில வேலை பாக்கற லித்துவேனியாக்காரங்க, நல்ல குடும்பம். இன்னிக்குக் குடி வராங்க. ஈஸ்டர் வரைக்கும் நமக்கு வேன்தான்."

"என்னைக் கேக்கவே இல்லையே."

"கேட்டா என்ன சொல்லப் போற? முதுகு வலிக்குதும்ப. அந்தக் கடுகு சாஸை இங்க தள்ளு."

கடுகைத் தள்ளினேன். என் கட்டிலில் இப்போது யார் படுப்பார்கள் என்று யோசித்தேன். அதில் மெத்தை புதிது. ஒரு வருடம்கூட முழுதாகப் படுக்கவில்லை.

நீங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், அதனால் எங்கள் மலைப்பாதை வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்று பலமாக இருந்தால் யாரையும் தனியாகப் போக விடமாட்டார்கள். அடிவாரத்தில் தடுப்புக்கட்டை போட்டு, சேர்ந்த வண்டிகளைப் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக அனுப்புவார்கள். வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மறுபக்கம் இறங்கியதும் அந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்துக்கொண்டு போகக்கூடாது. கடைசி வண்டிக்கு ஒரு வாக்கிடாக்கி தருவார்கள். பின்னால் யாரும் விடுபடவில்லை என்று சொல்வது அந்த வண்டியின் பொறுப்பு.

யோருன் படுக்கையை விட்டு வரமாட்டாள். திரையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒருத்தின்னு சொல்லு" என்பாள். பதினொரு குளிர்காலமும் அப்படித்தான் சொன்னேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பொய் என்னுடையது அல்ல.

அன்று இரண்டு மீன் லாரிகள், அப்புறம் நாங்கள். பனி தள்ளும் வண்டிக்காரன் ஹால்வர்ட் வாக்கிடாக்கியை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"எத்தனை பேரு, தூரி?"

"நான் ஒருத்திதான்."

"அக்கா எங்க? வழியில இறக்கி விட்டுட்டியா?"

"வீட்டுல இருக்கா."

"அப்ப இன்னிக்கு உனக்குக் காது வலி இல்லை" என்று சிரித்துக்கொண்டே போனான்.

திரைக்குப் பின்னாலிருந்து யோருன் சொன்னாள்: "வீட்டுல இருக்கான்னு இழுக்கற. டக்குன்னு சொல்ல வராதா? பொய் சொல்றதைக்கூட நான்தான் உனக்குப் பாடம் எடுக்கணும்."

மேட்டின் உச்சியில் வரிசை நின்றது. முன்னால் பனி குவிந்துவிட்டது, பத்து நிமிடம் ஆகும், யாரும் இறங்காதீர்கள் என்று ஹால்வர்ட் சொன்னான். மணி நாலு இருக்கும். தரையோடு தரையாகப் பனி ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மேலே வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பின்னால் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"தூரி, வந்துருச்சு. நான் இறங்கறேன்."

"ஹால்வர்ட் இறங்கக்கூடாதுன்னான்."

"அவன் கணக்குல நான் வண்டியிலயே இல்லையே."

"கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ அக்கா."

"ரெண்டே நிமிஷம். நீ எனக்கு அம்மா ஆகாத."

கோட்டைப் போடச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கம்பளிச் சட்டையும் கையுறையுமாகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். சாலை ஓரத்துக் கம்பங்களைத் தாண்டி முப்பது அடி போய் ஸ்டாண்டை ஊன்றினாள். அதைத் தானே பிடித்துக்கொண்டாள். பிடிக்க முடிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

என் முதுகு அன்று மிகவும் வலித்தது. ஈஸ்டர் வரைக்கும் எத்தனை இரவுகள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நூறு வரை எண்ணினேன், அதற்கு மேல் அலுப்பாகிவிட்டது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கிளம்பறோம். பின்னாடி எல்லாம் சரியா, தூரி?"

"எல்லாம் சரி" என்றேன். இழுக்காமல் சொன்னேன்.

வரிசை நகர்ந்தால் பின்தங்கி நிற்கக்கூடாது என்பது விதி. முன் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவறவிட்டால் நாமும் பனிக்குள் போய்விடுவோம். நான் விதிப்படி கிளம்பினேன். பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. அவள் ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அறுபத்தெட்டு வயதுக்கு நன்றாக ஓடினாள். ஏதோ கத்தினாள், "நிறுத்து" என்பதாகத்தான் இருக்கும். காற்றில் எதுவும் கேட்கவில்லை. பச்சை வெளிச்சம் அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதற்காகப் பதினொரு வருடம் என்பது அதிகம்.

மறுபக்கத் தடுப்பில் ஹால்வர்ட் வாக்கிடாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "ஒரு வண்டி, ஒருத்தி" என்று தாளில் கோடு போட்டான். அவனுக்கு என் பிளாஸ்கிலிருந்து காப்பி கொடுத்தேன். முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டான். தூக்கமில்லை என்றேன். அது உண்மை.

பிறகு கடலோரத்தில் வேன்கள் தங்கும் முகாமுக்குப் போய் வேனை நிறுத்தி, பின்பக்கப் படுக்கையில் படுத்தேன். பதினொரு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது முதுகு வலிக்கவில்லை. அதன் பிறகுதான் உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்து, அக்கா முகாமிலிருந்து நடக்கப் போனவள் திரும்பவில்லை என்றேன். நீங்கள் இரண்டு நாள் கடற்கரையில் தேடினீர்கள். உங்களை வீணாக அலையவிட்டதற்கு வருந்துகிறேன். மூன்றாம் நாள் ஹால்வர்ட்தான் மேட்டில் அவளைக் கண்டுபிடித்தான். ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றீர்கள். வலது கையில் கையுறை இல்லை என்றும் சொன்னீர்கள்.

அந்தக் கையுறை வேனின் பக்கவாட்டுக் கதவுக் கைப்பிடியில் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்ததாக இப்போது காட்டுகிறீர்கள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை, அதனால் பார்க்கவில்லை. ஆமாம், அவள் வண்டியை எட்டிவிட்டாள். பனியில் நடக்கிற வேகத்தில்தானே போய்க்கொண்டிருந்தோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். ஜன்னலில் இரண்டு முறை தட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன், ஓட்டுகிறவள் சாலையைத்தான் பார்க்க வேண்டும்.

கதவை எப்போது பூட்டினாய் என்று கேட்கிறீர்கள். அவள் கை கைப்பிடியில் பட்டபோது. பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். அந்த மேட்டில் காற்று மோசம், பூட்டாவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.