மூணாந்தண்ணி

— மூணே மூணு வாசல், அண்ணி. அந்த வேப்பிலையை மட்டும் அவுத்துடு. மத்தத நான் பாத்துக்குறேன்.

— தள்ளி நில்லு துளசிங்கம், கொதிக்கிற தண்ணி. கோட்டையில அம்மை கண்டு படுத்திருக்கிற ஒல்லாந்துச் சிப்பாய்ங்க துணி. மேல பட்டா நீயும் படுத்துக்குவ.

— கோயில் வாசல்ல ரெண்டு பானையும் வச்சாச்சு. மஞ்சள் பூசுனது உனக்கு, பூசாதது வேதாசலத்துக்கு. வெயில் கொடிமரத்து அடிக்கு வந்ததும் வலைக்கு ஒரு மண்குண்டுன்னு போட ஆரம்பிச்சுடுவாங்க. நாட்டாமைக்கு நிக்கிறவ நீ இங்க துணி அவிச்சுக்கினு இருக்க.

— யாரு நாட்டாமை ஆனாலும் துணி அழுக்காத்தான் இருக்கும்.

— த பாரு, சிரிக்கிற நேரமா இது? நாப்பத்தோரு வலை. வேதாசலத்துக்குப் பதினெட்டு. நமக்குப் பதினேழு. மீதி ஆறு வீட்டுல ஆத்தா எறங்கியிருக்கா, வேப்பிலை தொங்குது. வேப்பிலை தொங்குற வீட்டுக்குக் குண்டு கிடையாது. அந்த ஆறும் நம்ம படகுக்காரங்க வீடு, அண்ணி. ஆறும் உனக்குத்தான்.

— தெரியும். ஆறு வீட்டுக்கும் கஞ்சி நான்தானே ஊத்துறேன்.

— ஆறு வேணாம். மூணு குடு. எல்லப்பன், மாணிக்கம், தாமோதரன். மூணு பேருக்கும் ரெண்டாந்தண்ணி ஊத்தியாச்சு. மூணாந்தண்ணிக்கு நாள் சொல்றது நீ. பூசாரியே உன் வாயைத்தான் பாக்குறான். இன்னிக்குன்னு சொன்னா இன்னிக்கு.

— எப்படிச் சொல்றது? மொதத் தண்ணி கொப்புளம் வாடுறப்ப. ரெண்டாந்தண்ணி பொருக்கு கட்டுறப்ப. மூணாந்தண்ணி கடைசிப் பொருக்கும் உதிர்ந்தப்புறம். மூஞ்சி சீக்கிரம் ஆறிடும், அதைப் பாத்து ஏமாறக் கூடாது. உள்ளங்கால்ல தோலு தடிப்பு பாரு, அங்கதான் பொருக்கு மாட்டிக்கினு கடைசியா வரும். அதுக்குத்தான் நான் காலைத் திருப்பிப் பாக்குறது. மூணு பேரு காலும் இன்னும் சுத்தமாவல.

— காலைப் பாத்தா குண்டு போடுறாங்க?

— அந்தப் பொருக்கு மீன் செதிள் மாதிரிடா. காஞ்சா காத்துல போகும், பாய்ல ஒட்டும், புடவை மடிப்புல ஒக்காரும். மீனை அறுத்தவ வீட்டுக்குப் போனப்புறம் அவ காதோரத்துல செதிள் மின்னுதில்ல? அப்படி. யாரு மேல ஒட்டுச்சுன்னு அன்னிக்குத் தெரியாது. பன்னண்டு நாள் கழிச்சு ஜுரம் வந்தா தெரியும்.

— பன்னண்டு நாள்ல வர்றது ஜுரம். ரெண்டு மாசத்துல வர்றது ஐப்பசி. அதைச் சொல்லு.

— மறந்தாத்தானே சொல்றதுக்கு.

— போன ஐப்பசியில கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோறப்ப அண்ணன் படகு முகத்துவாரத்துல கவுந்து அஞ்சு பேரு போனாங்க. வாரிக்கினு வந்த அஞ்சையும் நீதான் தொடைச்சுக் கிடத்தின. அப்புறம் எழுந்து வந்து, எல்லாத் துடுப்பையும் மணல்ல நட்டு வைங்கடான்னு சொன்ன. பத்தொம்பது நாள் ஒருத்தனும் எடுக்கல. ஒல்லாந்துக் கப்பல் சரக்கு இல்லாம ஆடிக்கினு நின்னுது. கோட்டைக்குப் பேச்சு மாத்திச் சொல்ற துபாஷி பல்லக்கை விட்டு எறங்கி நடந்து வந்தான், அந்தத் தொப்பையோட.

— வந்து இன்னா சொன்னான்?

— மழை முடியிற வரைக்கும் படகு வேணாம்னான்.

— அது பாதி. உங்க நாட்டாமை கேட்டுக்கினதால விடுறேன்னான். செத்துப்போன பெரியவர் நல்லவரு, கேட்டாரு. கோட்டை ஒவ்வொரு துடுப்பையும் கேக்காது துளசிங்கம். ஒரு தலையைக் கேக்கும். அந்தத் தலை சரின்னு ஆடுச்சுன்னா வீட்டுக்கு ஒரு ஆளு படகுல ஏறணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

— வேதாசலம் தலை இப்பவே ஆடிக்கினுதான் இருக்கு. பொம்பளைக்கு இன்னா நாட்டாமைன்னு வேற கூவுறான்.

— வலை இருந்தா வாய் இருக்கு. உங்க அண்ணன் வலை என் வீட்டுலதான் தொங்குது.

— அதைத்தான் நானும் சொன்னேன். அப்போ ஜெயிக்கணும்ல? எல்லப்பனுக்கு இன்னா கேடு, கல்லு மாதிரி நடக்குறான்.

— எங்க நடந்தான்?

— சும்மா சொன்னேன்.

— நேத்து பொழுது சாய நான் பாத்தப்ப பாய்ல இருந்தான். எங்க நடந்தான், துளசிங்கம்?

— பேஜார் பண்ணாத அண்ணி.

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— விடியறதுக்குள்ள ஊத்திட்டேன். மூணு வீட்டுலயும். மஞ்சத் தண்ணிதான், முறையாத்தான். வேப்பிலையை ஏரியில விட்டாச்சு. அவுத்துடுன்னு உன்னைக் கேட்டது நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என் மனசு ஆறும்னுதான்.

— அவங்க ஒண்ணும் கேக்கலியா?

— எல்லப்பன் கேட்டான், குப்பம்மா வரலியான்னு. நீ சொல்லித்தான் வந்தேன்னு சொன்னேன்.

— நம்புனாங்களா?

— உன் பேரைச் சொன்னா யாரு நம்ப மாட்டா?

— இப்ப எங்க இருக்காங்க?

— கோயில் வாசல்ல. கூட்டத்துக்கு நடுவுல. எல்லாரும் எழுந்து தோளைத் தட்டுறாங்க, பொழைச்சு வந்துட்டானுங்கன்னு. கேசவன் மக கூட அங்கதான், கைக்கொழந்தையோட.

— பொறந்து இருவது நாளு. நான்தான் எடுத்தேன்.

— அண்ணி, உக்காராத. இப்படி உக்காந்தா எனக்கு பயமா இருக்கு. நான் ஓடிப்போய் அவங்க மூணு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லட்டுமா?

— இன்னா சொல்லிக் கிளப்புவ? மூணாந்தண்ணிக்கு முந்தி சபையில வந்து உக்காந்தவன் குடிசையைக் கொளுத்தணும். அது பழைய ஊர்க்கட்டு. பொண்டாட்டி புள்ளையோட ஏரிக்கு அந்தாண்ட துரத்துவாங்க. வேதாசலம் ஆளுங்க கொள்ளியோட வந்து நிப்பாங்க.

— அப்போ வாயை மூடிக்கினு இருப்போம். குண்டு போட்டு முடியட்டும். இருவது வந்துடும் நமக்கு.

— வந்த அத்தனை வீடும் அந்தி வரைக்கும் ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் சாய்ஞ்சு உக்காந்திருக்கும். வலைக்கு வலை சண்டை போட்டுத்தான் குண்டு போடுவாங்க. ஒரு நாழி கொறைஞ்சா ஒரு வீடாவது தப்பும். ஐப்பசியில நான் யாருக்கு நாட்டாமை பண்றது? பாய்க்கா?

— குண்டு விழாம ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான், அண்ணி. காரணம் சொல்லாம அந்தக் கூட்டத்தைக் கலைக்க ஆத்தாளாலயும் முடியாது.

— நிக்கிற ரெண்டு பேருல ஒருத்தர் வெலகிட்டா?

— வெலகிட்டா குண்டே கிடையாது. இருக்குறவனுக்கு மாலை போட்டுட்டு அவனவன் வீட்டுக்குப் போவான். ஆனா வேதாசலம் எங்க வெலகப் போறான்?

— அவன் வெலக மாட்டான்.

— வேணாம் அண்ணி. த பாரு, வேணாம். ஐப்பசியில நம்ம வீட்டுல துடுப்பு பிடிக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

— தெரியும். ஓடிப்போய் வேதாசலத்துக்கு மாலையைப் போடச் சொல்லு.