தங்கச்சிகிட்ட சொல்லியாச்சா?

— பாதியா குறைஞ்சிருக்குண்ணா! ஆறு சென்டிமீட்டர் இருந்த கட்டி மூணாயிடுச்சு. நீ என்னடான்னா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி...

— மெதுவாப் பேசு. பக்கத்து நாற்காலில மருந்து ஏறிக்கிட்டிருக்கு, அந்தம்மா தூங்கறாங்க.

— எழுந்தா அவங்களுக்கும் சொல்றேன். எங்கண்ணன் லிஃப்ட் மெக்கானிக்கு, வயித்துல இருந்த கட்டிய மூணே ஊசில கீழ இறக்கிட்டான்னு.

— மூணாவது இப்பத்தான் ஏறுது. ரெண்டுதான் முடிஞ்சிருக்கு.

— சரி, ரெண்டு. கணக்கு வாத்தியாரு! கைய ஆட்டாதே, ஊசி கழண்டா எனக்குத்தான் திட்டு விழும்.

— டாக்டர் உங்கிட்ட தனியா எதாவது சொன்னாரா?

— ஸ்கேன் படத்தைக் காட்டினார். நான் பாட்டுக்கு தலைய ஆட்டினேன்.

— அது இல்ல. வேற?

— வேற என்ன?

— ஒண்ணுமில்ல... விடு.

— பயாப்ஸித் துண்டுல அந்தச் சோதனைய மட்டும் பண்ணாம இருந்திருந்தா வழக்கமான கீமோதான் குடுத்திருப்பாங்களாம். உன் மாதிரி கட்டிக்கு அது சரியா கேக்குமான்னே சந்தேகமாம். தப்பிச்சேண்ணா நீ.

— அந்தச் சோதனை எதுக்குன்னு உனக்குப் புரிஞ்சுதா?

— நீதானே சொன்னே. பிரேக் கதை.

— திரும்பச் சொல்லு, பாப்போம்.

— என்ன, பரீட்சையா? உடம்புக்குக் காவலா சில செல்லு இருக்கு. அது கிட்ட வராம கட்டி பிரேக் போட்டு வச்சிருக்கு. இந்த மருந்து அந்த பிரேக்கை எடுத்து விடுது. எல்லாருக்கும் வேலை செய்யாது, உனக்கு செய்யும். போதுமா?

— ஏன் எனக்கு மட்டும்?

— உன் கட்டிக்கு ஒளிஞ்சுக்கத் தெரியல. தப்புந் தவறுமா வளந்திருக்கு. காவக்காரன் பாத்ததும் பிடிச்சுடறான்.

— ஏன் தப்புந் தவறுமா வளந்துச்சு?

— அண்ணா, நான் டிரைவிங் ஸ்கூல்ல கியர் மாத்தச் சொல்லிக் குடுக்கறவ. எங்கிட்டப் போய்...

— செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியறப்போ எழுத்துப் பிழை விழும். அதைத் திருத்த நாலு பேர் இருக்கணும். என் கட்டில பாத்தா ரெண்டு பேரைக் காணோம்.

— லீவு போட்டிருப்பாங்க.

— சிரிக்காதே!

— சரி... சரி. சிரிக்கல. ஏன் கத்தறே? அந்தம்மா முழிச்சுக்கிட்டாங்க பாரு.

— லீவு இல்லடி. சில பேருக்கு அந்த ஆளு... பொறக்கறப்பவே... தண்ணி குடு.

— கொஞ்சம் கொஞ்சமா குடி... கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? போர்வை கேக்கட்டுமா?

— வேணாம். இங்க உக்காரு. அம்மா போனப்போ அம்மாவுக்கு என்ன வயசு?

— நாப்பத்தி மூணு. இப்ப எதுக்கு அது?

— அம்மா கூடப் பொறந்த மாமாவுக்கு?

— அம்பதைத் தொடல. அண்ணா, நல்ல சேதி வந்த நாள்ல எதுக்கு இதெல்லாம்?

— அம்மாவுக்கு வயித்துப் புண்ணுன்னாங்க. மாமாவுக்குக் குடல்ல கட்டின்னாங்க. அப்ப யாரும் ரெண்டையும் சேத்துப் பாக்கல. எனக்கு இப்ப நாப்பத்தாறு. உனக்கு முப்பத்தொம்பது.

— என் வயச எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றே?

— விளையாடாதே. ஒழுங்கா சாப்பிடறியா? பசி எடுக்குதா?

— என்னைப் பாத்தா பட்டினி கிடக்கறவ மாதிரியா இருக்கு?

— இளைச்சிருக்கே.

— உன் பின்னாடி ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி இறங்கினா யாருக்கும் இளைக்கும். லிஃப்ட் மெக்கானிக் வந்து போற இடம், லிஃப்ட்டு வேலை செய்யல.

— உன் பொண்ணு எப்படி இருக்கா? அவளுக்கு வயித்து வலி, அது இதுன்னு...

— அவளை எதுக்கு இதுல இழுக்கறே? ...அண்ணா? ஏன் அழறே? வலிக்குதா? நர்ஸக்காவைக் கூப்பிடறேன் இரு.

— கூப்பிடாதே! உக்காரு... காலைல டாக்டர் ஸ்கேனைப் பாத்துட்டு முதுகுல தட்டினார். தட்டிட்டு, "தங்கச்சிகிட்ட சொல்லியாச்சா?"ன்னு கேட்டார். ஆச்சுன்னேன். ஒவ்வொரு தடவையும் அவரும் கேக்கறார், நானும் அதே பொய்யச் சொல்றேன்.

— என்ன பொய்?

— கட்டில மட்டும் இல்ல, என் ரத்தத்துலயே அந்தப் பிழை திருத்தற ஆளோட குறை இருக்கு. அம்மா வழியா வந்திருக்கும்னு சொல்றாங்க. கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கும் பாக்கணும்னு எழுதிக் குடுத்த சீட்டு ரெண்டு மாசமா என் சட்டைப் பையில கிடக்கு. எத்தனை தடவை எடுத்தேன்! உன் மூஞ்சியப் பாத்ததும் வாயே வரமாட்டேங்குது. என் கட்டி சுருங்குதுன்னு நீ குதிக்கறே. எனக்கு ஒவ்வொரு சொட்டும் உள்ள இறங்கறப்போ, இவ வயித்துல என்ன இருக்கோ, நான் தள்ளிப்போட்ட நாள்ல அது எவ்வளவு வளந்திருக்கோன்னு... திட்டு என்னை. வாயத் தொறந்து ஏதாவது சொல்லு.

— முத ஊசி அன்னிக்கு நீ பாத்ரூம் போயிருந்தே. நர்ஸக்கா எங்கிட்ட வந்து, "தங்கச்சி நீங்கதானா? ரத்தம் குடுத்தாச்சா?"ன்னாங்க.

— அப்போ... அன்னிக்கே உனக்குத் தெரியுமா?

— எதுக்கு ரத்தம்னு அவங்ககிட்டயே கேட்டேன். கேட்டுட்டு, கீழ லேபுக்குப் போய் குடுத்துட்டு வந்தேன். நீ கேட்டப்போ டீ குடிக்கப் போனேன்னேன்.

— பாவி! ஆறு வாரமா மூச்சு விடலியே நீ! ...ரிப்போர்ட்?

— அப்புறம் பேசலாம்ணா. முதல்ல மருந்து முழுசா ஏறட்டும்.

— வந்துச்சா, இல்லியா? என்னைப் பாத்துச் சொல்லு.

— வெள்ளிக்கிழமை வந்துச்சு... எனக்கும் இருக்குண்ணா. உனக்கு ஸ்கேன் முடியட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். பொண்ணுக்கு இன்னும் சொல்லல. திங்கக்கிழமை வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறாங்க. யாருக்கும் தெரியாம தனியாப் போய்ட்டு வந்துடலாம்னுதான் இருந்தேன்... முடியலண்ணா. ராத்திரியெல்லாம் வயித்தைத் தடவித் தடவிப் பாக்கறேன். நீ வந்து கதவுக்கு வெளிய உக்காந்துக்கோ.