சுற்றிப் போட்ட பூசணி

சின்னமனூரில் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண், டிக்கெட் எடுத்த கையோடு பக்கத்திலிருந்த மதினியிடம் சொன்னாள்: “எங்க வீட்டுத் திருஷ்டிய நாங்களே கூட்டு வச்சுத் தின்னுட்டோம் மதினி.”

காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“என்னடி ஒளறுற?”

“எங்க வீட்டுக்காரவுக புது டிராக்டருக்குப் பூசணி சுத்துனாக. ரோட்டுல ஒடைக்கப் போறப்ப போன் வந்துச்சு. வாசப்படியில வச்சுட்டுப் பேசிக்கிட்டே தோட்டத்துக்குப் போய்ட்டாக. நான் சமைக்கத்தான் வாங்கியாந்தாகன்னு நெனச்சு அறுத்துட்டேன்.”

“மேல கற்பூரம் எரிஞ்ச கருப்பு இருந்திருக்குமேடி?”

“வெயில் பட்ட வடுன்னு சீவிப் போட்டேன். தட்டாம்பயறு போட்டு, தேங்காய அரச்சு விட்டேன். தெருவே மணந்துச்சு.”

“யாரு தின்னா?”

“எங்க பெரிய நாத்தனா வந்தாக. போன வாரம் டிராக்டரப் பாத்துப் பெருமூச்சு விட்டதே அவுகதான். அந்தக் கண்ணுக்குத்தான் பூசணியே சுத்துனது. வழிச்சு வழிச்சுத் தின்னாக.”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவுகளுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“கல்லு கணக்கா இருக்காக. இந்தக் கைப்பக்குவம் எனக்கு வரலையேன்னு அதுக்கும் ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் போனாக. குச்சனூர்க் கோயிலுக்குப் போயி வெளக்குப் போடுன்னு எங்க வீட்டுக்காரவுக குதிக்கிறாக. நான் என் கைக்குச் சுத்திப் போட இன்னொரு பூசணி வாங்கப் போறேன்.”

“வாங்கு. ஆனா ஒடச்சுப்புடாத. சுத்துனதையே கூட்டு வை. எனக்கும் ஒரு தூக்குல குடுத்து விடு.”