ரெண்டு குறைச்சு

முக்கூடலில் இருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து எம் மவா ரெண்டு குறைச்சு எடுத்துட்டா வே!” என்றார் கண்ணாடி போட்டவர், முகமெல்லாம் சிரிப்பாக.

“பரீட்சையிலயா அண்ணாச்சி? அதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?”

“கோல்ஃப்ல வே! இத்தனை அடின்னு ஒரு கணக்கு உண்டு, அதுல ரெண்டு கம்மி. கம்மியான அடியில பந்தைக் குழிக்குள்ள தள்ளுதவதான் ஜெயிப்பா. அதையே தொழிலா ஆடுதா. இப்ப தாய்லாந்துல போட்டி. முதல் ரெண்டு நாள்ல பின்தங்குனவங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இதுவரைக்கும் போன எடத்துலல்லாம் அப்படித்தான் திரும்பி வந்தா.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு ரெண்டாம் நாளு. போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

பேட்டையைத் தாண்டும்போது போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

“என்னம்மா? நாளைக்கும் ஆடுதியா? நெசமாவா?”

போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

மற்றவர் கொஞ்சமும் தயங்காமல் வாங்கி, பேருந்துக்கே கேட்கும்படி கத்தினார். “தாயி, ஒங்கப்பா நல்லா இருக்காவ. சந்தோசத்துல அழுதாவ, அவ்வளவுதான். நீ பைய ஆடு, இங்கன ஒரு அவசரமும் இல்ல!”